நம்மீது நாமே எறியும் கற்கள்



விபச்சாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசுவின் முன் கொண்டுவந்து நிறுத்திய நிகழ்வை, யோவான் நற்செய்தி 8ஆம் பிரிவில் வாசிக்கிறோம். கல்லெறியத் துடித்தவர்கள், முதியோர் தொடங்கி ஒருவர் பின் ஒருவராய்ப் போய்விட்டார்கள். இயேசுவும் அவரைத் தீர்ப்பிடவில்லை. இனிப் பாவம் செய்யவேண்டாம் என்று சொல்லி அனுப்பிவைத்தார். நற்செய்தியாளர் அத்துடன் நிறுத்திக்கொள்கிறார்.

அந்தப் பெண் வீட்டுக்குப் போன பிறகு என்ன நடந்திருக்கும் என்று நாம் எப்போதாவது எண்ணிப் பார்த்திருக்கிறோமா? இரவில் தனியாகப் படுத்திருக்கும்போது, ஊரார் எறியாத கற்களை அவரே தன்மீது எறிந்துகொண்டாரா? நமக்குத் தெரியாது. ஆனால், நம்மில் பலர் அப்படிச் செய்கிறோம் என்பது நன்றாகத் தெரியும். ஒப்புரவு அருளடையாளத்தில் மன்னிப்புப் பெற்றுவிட்டோம், இறைவன் மன்னித்துவிட்டார் என்று நம்பவும் செய்கிறோம். ஆனாலும், ஆலயப் படியை விட்டு இறங்கியதும், "நீ எல்லாம் ஒரு மனுஷியா?", "உன்னால் ஒரு காரியமாவது உருப்படியா நடந்திருக்கா?" என்று உள்ளுக்குள் ஒரு குரல் மறுபடியும் தொடங்கிவிடுகிறது.

பாவம் செய்தவர்களை மட்டும் இந்தக் குரல் விரட்டுவதில்லை. மகன் தேர்வில் தோற்றதற்குத் தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்ளும் தாய், கடனால் நிலத்தை விற்க நேர்ந்த தந்தை, கருக்கலைந்த பெண், வேலை கிடைக்காத இளைஞர் என, எந்தப் பாவமும் செய்யாதவர்களும் தங்களையே தண்டித்துக்கொண்டிருக்கிறார்கள். இத்தகையோர் தங்கள்மீது பரிவு கொள்ளக் கற்றுக்கொள்வதற்கு, கவுன்சிலிங் என்று நாம் பொதுவாகச் சொல்லும் உளவியல் சிகிச்சை எவ்வாறு உதவுகிறது என்பதை இன்று சிந்திப்போம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. தமிழில் 'தன்னிரக்கம்' என்றதும், 'ஐயோ, எனக்கு மட்டும் ஏன் இப்படி?' என்று புலம்பி உட்கார்ந்திருப்பதே நம் நினைவுக்கு வருகிறது. நாம் இங்கே பேசுவது அதுவன்று. துன்பப்படும் ஒரு நண்பரிடம் காட்டும் அதே பரிவை, துன்பப்படும் நேரத்தில் நம்மிடமும் காட்டுவதைப் பற்றியே பேசுகிறோம். அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப், 2003ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரைகளில், இந்தப் பரிவுக்கு மூன்று கூறுகள் உண்டு என்று விளக்கினார். ஒன்று, தன்னைத் திட்டாமல் கனிவோடு நடத்துவது. இரண்டு, தவறுவதும் துன்புறுவதும் மனிதர் எல்லாருக்கும் பொதுவானவை என்று உணர்வது. மூன்று, வலியை மூடி மறைக்காமலும், ஊதிப் பெரிதாக்காமலும், உள்ளது உள்ளபடி பார்ப்பது.

இரண்டாவது கூறைக் கவனித்தால், புலம்பலுக்கும் பரிவுக்கும் உள்ள வேறுபாடு விளங்கும். புலம்பல், 'எனக்கு மட்டும்' என்று நம்மைத் தனிமைப்படுத்துகிறது. பரிவோ, 'எல்லாரையும்போல எனக்கும்' என்று நம்மை மனிதரோடு சேர்த்துவைக்கிறது.

"சரி, இனிமேல் என்னைத் திட்டிக்கொள்ளமாட்டேன் என்று முடிவெடுத்தால் போதாதா? அதற்கு ஏன் சிகிச்சை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதே கேள்வியோடு போராடியவர், இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவ உளவியலாளர் பால் கில்பர்ட். மனச்சோர்வுற்றோர் பலருக்குச் சிகிச்சையளித்த அவர், ஒன்றைக் கவனித்தார். "இது உங்கள் தவறில்லை என்பதற்கு என்னென்ன காரணங்கள் உண்டு?" என்று கேட்டால், அவர்கள் சரியாகவே பதில் சொன்னார்கள். மூளைக்கு எல்லாம் புரிந்திருந்தது. ஆனால், மனதுக்குள் அந்தப் பதிலைத் தங்களுக்கே சொல்லிக்கொண்டபோது, அது கடுகடுப்பான குரலில் வந்தது. ஆறுதல் வார்த்தையைக்கூட அதட்டும் தொனியில் சொல்லிக்கொண்டால், மனம் எப்படி ஆறும்? ஆகவே, சொல்லை மட்டுமல்ல, சொல்லும் தொனியையும் மாற்றப் பழகவேண்டும் என்று அவர் உணர்ந்தார். 'பரிவை மையமாகக் கொண்ட சிகிச்சை' என்ற முறை இவ்வாறு உருவானது.

நம் உணர்வுகள் மூன்று வகையாக இயங்குகின்றன என்று கில்பர்ட் எளிமையாக விளக்குகிறார். ஆபத்தைக் கண்டால் அஞ்சவும் சினக்கவும் வைப்பது ஒன்று. தேடவும் உழைக்கவும் சாதிக்கவும் தூண்டுவது மற்றொன்று. தாயின் மடியில் குழந்தை அமைதி அடைவதுபோல, நம்மை அமைதிப்படுத்துவது மூன்றாவது. இந்த மூன்றும் நமக்குத் தேவைதான். ஆனால், அடியும் ஏச்சும் அல்லது ஓயாத ஒப்பீடும் சூழ வளர்ந்தவர்களிடம், முதல் இரண்டும் வலுவாகவும் மூன்றாவது மெலிந்தும் இருக்கலாம். "பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளை, பெரியவரான பிறகு அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறது. பயிற்சி இல்லாத கால் நடக்கத் தடுமாறுவதுபோல, பழக்கமில்லாத பரிவும் தடுமாறும். 'உன்மேல் நீ அன்பாக இரு' என்ற அறிவுரையை மட்டும் கேட்டு, அது நடக்கத் தொடங்கிவிடாது. கூட ஒருவர் இருந்து, படிப்படியாகப் பழக்கவேண்டியிருக்கிறது.

அந்தப் பயிற்சி எப்படி நடக்கிறது? ஒரு மகளைக் கற்பனை செய்துகொள்வோம். மூன்று ஆண்டுகள் படுக்கையில் கிடந்த அப்பாவை அவர் ஒருவரே பார்த்துக்கொண்டார். கடைசி நாள்களில் மருத்துவமனையிலேயே தங்கினார். ஒருநாள் இரவு, மாற்றுத்துணி எடுத்துவர வீட்டுக்குப் போன இரண்டு மணி நேரத்தில், அப்பா இறந்துவிட்டார். ஆண்டுகள் சில கடந்தும், அந்த இரண்டு மணி நேரத்திற்காக அவர் தன்னை மன்னிக்கவில்லை. அண்ணன்மாரும் உறவினரும், "நீ என்னம்மா செய்வே, விடு" என்று சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டார்கள். அவருக்கோ தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, ஆலயத்திற்கு வந்தாலும் பின்வரிசையிலேயே உட்கார்ந்துவிட்டுப் போய்விடுகிறார்.

அவர் ஓர் உளவள ஆலோசகரிடம் செல்வதாக வைத்துக்கொள்வோம். முதல் சில சந்திப்புகளில் ஆலோசகர் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பார். 'விடு' என்று சொல்லி அந்தப் பேச்சை முடிக்கமாட்டார். அந்த இரவை முழுவதுமாகச் சொல்லவிடுவார். தான் வெட்கப்படும் ஒன்றைச் சொல்லி முடித்த பிறகும், எதிரே இருப்பவரின் முகம் மாறவில்லை, வெறுப்புக் காட்டவில்லை என்பதை அந்த மகள் பார்க்கிறார். தன்மீதான பரிவு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. நமக்கு ஒருவர் காட்டிய பரிவையே நாம் நமக்குக் காட்டக் கற்கிறோம்.

அடுத்து, அந்தக் கடுமையான குரலைக் கவனிக்கச் சொல்வார். அது எப்போது பேசுகிறது, என்ன சொல்கிறது, யாருடைய குரல்போல ஒலிக்கிறது? 'நான் பொல்லாதவள்' என்பதற்கும், 'நான் பொல்லாதவள் என்ற எண்ணம் இப்போது எனக்கு வருகிறது' என்பதற்கும் இடையே ஒரு சிறிய இடைவெளி உண்டு. மூச்சுவிட அந்த இடைவெளி போதும். உடலையும் மறந்துவிடுவதில்லை. முதுகை நிமிர்த்தி அமர்ந்து, மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடப் பழக்குவார்கள். அச்சத்தில் இறுகிய உடல் சற்றுத் தளர்ந்த பிறகே, கனிவான சொல் உள்ளே இறங்கும்.

பிறகு, "உங்க தங்கச்சிக்கு இதே மாதிரி நடந்திருந்தா, அவங்ககிட்ட என்ன சொல்வீங்க?" என்று ஆலோசகர் கேட்கலாம். பதில் உடனே வரும்: "மூணு வருஷம் நீதானே பார்த்துக்கிட்டே. துணி எடுக்கத்தானே போனே. அப்பாவுக்கு அது தெரியாதா?" இதைச் சொல்லி முடிக்கும்போதே கண்ணீர் வந்துவிடும். மற்றவருக்குக் கொடுக்க இவ்வளவு கனிவை வைத்திருக்கிறார். தனக்கு மட்டும் ஒரு துளியும் வைக்கவில்லை என்பதை அப்போது அவரே உணர்கிறார்.

இன்னும் சில ஆலோசகர்கள் இரண்டு நாற்காலிகளைப் பயன்படுத்துவார்கள். ஒன்றில் அமர்ந்து, குற்றம் சாட்டும் குரலாகப் பேசவேண்டும். மற்றொன்றில் அமர்ந்து, அதைக் கேட்டு நொந்துபோன உள்ளமாகப் பதில் சொல்லவேண்டும். கனடாவில் பணியாற்றும் லெஸ்லி கிரீன்பெர்க் போன்ற உளவியலாளர்கள் வளர்த்தெடுத்த முறை இது. கேட்பதற்கு நாடகம்போலத் தோன்றலாம். ஆனால், குற்றம் சாட்டும் அந்தக் குரலுக்கு அடியில் பல வேளைகளில் அச்சமோ அன்போ இருப்பது இதில் வெளிப்படுகிறது. 'அப்பாவை இன்னும் கொஞ்சநேரம் பார்த்திருக்கலாமே' என்ற ஏக்கம்தான், 'நீ ஒரு நன்றிகெட்ட மகள்' என்ற வசையாக மாறியிருந்தது என்பதை அந்த மகள் கண்டுகொள்ளலாம். வேறு சிலர், அன்புள்ள ஒருவர் நமக்கு எழுதுவதுபோல நமக்கே ஒரு கடிதம் எழுதச் சொல்வார்கள்.

இவையெல்லாம் ஒரே நாளில் நடந்துவிடுவதில்லை. நெஃப், கிறிஸ்டோஃபர் ஜெர்மர் இருவரும் இணைந்து உருவாக்கிய குழுப் பயிற்சியே எட்டு வாரங்கள் நடக்கிறது. தனிப்பட்ட சிகிச்சைக்கு இன்னும் கூடுதல் காலம் தேவைப்படலாம். இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. சிலருக்குத் தொடக்கத்தில் வலி கூடும். தீப்பற்றி எரியும் அறையின் கதவைத் திடீரெனத் திறந்தால், காற்று புகுந்து தீ வெளியே பாயும். அதுபோல, நீண்டநாள் மூடிக்கிடந்த மனதுக்குள் கனிவு நுழையும்போது, பழைய வலிகள் ஒருசேர வெளியே வரலாம் என்று ஜெர்மர் குறிப்பிடுகிறார். 'கவுன்சிலிங் போனபிறகுதான் அதிகமா அழுகிறேன்' என்று பயந்து பாதியில் நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அதை ஆலோசகரிடமே சொல்லிவிட்டால், அவர் வேகத்தைக் குறைப்பார்.

இப்போது, நம் பங்குகளில் கட்டாயம் எழக்கூடிய ஒரு கேள்விக்கு வருவோம். "தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டால், பாவ உணர்வே போய்விடாதா? மனிதர் சோம்பேறியாகிவிடமாட்டாரா?"

அமெரிக்காவில் ஜூலியானா பிரைன்ஸ், செரினா சென் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து, 2012இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கடினமான தேர்வொன்றில் சரியாகச் செய்யாத மாணவர்களில் ஒரு பகுதியினரிடம், இத்தகைய தேர்வில் தடுமாறுவது எல்லாருக்கும் நடப்பதே, உங்களை நீங்களே கடிந்துகொள்ளவேண்டாம் என்று சொல்லப்பட்டது. அடுத்த தேர்வுக்கு அவர்களே மற்றவர்களைவிட அதிகநேரம் படித்தார்கள். அதே ஆய்வின் மற்றொரு பகுதி நமக்கு இன்னும் நெருக்கமானது. தாங்கள் செய்த ஒரு தவற்றை எண்ணி வருந்தியவர்களுள், அந்தத் தவற்றைப் பரிவோடு நோக்கப் பழக்கப்பட்டவர்களிடம், அதைச் சரிசெய்யவும், மீண்டும் செய்யாதிருக்கவும் விருப்பம் கூடுதலாக இருந்தது.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. 'நான் செய்தது தவறு' என்பது குற்ற உணர்வு. 'நானே ஒரு தவறு' என்பது தன்வெறுப்பு. முதலாவது, மன்னிப்புக் கேட்கவும் இழப்பீடு செய்யவும் நம்மை எழுந்து நடக்கவைக்கும். இரண்டாவது, நம்மை மூலையில் முடக்கிவிடும். நற்செய்தியில் வரும் பெண்ணிடமும் இயேசு, நடந்தது சரியே என்று சொல்லவில்லை. தீர்ப்பை விலக்கினார், பிறகு வழியைக் காட்டினார். அந்த வரிசையை நாமும் மாற்றவேண்டியதில்லை.

இன்னும் சிலர், "எனக்கு ஒப்புரவு அருளடையாளம் போதும், ஆலோசகர் எதற்கு?" என்று கேட்கிறார்கள். புனித லொயோலா இஞ்ஞாசியாரின் வாழ்வு இதற்கு வெளிச்சம் தருகிறது. 1522ஆம் ஆண்டு, மொன்செராத் துறவு மடத்தில் மூன்று நாள்கள் செலவிட்டு, தன் வாழ்வு முழுவதற்குமான பாவ அறிக்கை செய்தவர் அவர். ஆனாலும், மன்ரேசா ஊரில் தங்கியிருந்தபோது, 'ஏதோ ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேனோ' என்ற அச்சம் அவரை வாட்டியது. மறுபடி மறுபடி அறிக்கை செய்தார், அமைதி கிடைக்கவில்லை. தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூட அவரைத் தாக்கியது. பிறகு, அந்த எண்ணங்கள் எங்கிருந்து, எப்படி வருகின்றன என்பதைக் கவனிக்கத் தொடங்கினார். பழைய பாவங்களை இனித் திரும்பத் திரும்ப அறிக்கையிடுவதில்லை என்று முடிவெடுத்தார். பின்னாளில் தன் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில், இத்தகைய வீண் அச்சங்களைப் பற்றியே தனிக் குறிப்புகள் எழுதிவைத்தார்.

மன்னிக்கப்பட்ட ஒன்றை மறுபடியும் மன்னிக்கும்படி கேட்டுக்கொண்டே இருப்பது, பக்திக் குறைவால் வருவதன்று. பல வேளைகளில் அது மனதின் காயம். பாவத்தை மன்னிப்பது அருளடையாளத்தின் பணி. மன்னிப்பைப் பெற்றுக்கொள்ள இயலாதபடி நம்மைத் தடுக்கும் காயத்தைப் பார்ப்பது சிகிச்சையின் பணி. கால் உடைந்தால் செபமும் செய்கிறோம், கட்டும் போட்டுக்கொள்கிறோம். மனதுக்கு மட்டும் ஏன் தயங்கவேண்டும்? மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், தன் 42ஆம் வயதில், ஆறு மாதங்கள், வாரம் ஒருமுறை, யூதப் பெண்மணியான ஓர் உளப்பகுப்பாய்வாளரிடம் சென்றதாகவும், அவர் தனக்குப் பெரிதும் உதவியதாகவும் வெளிப்படையாகவே கூறினார். 2017இல் வெளியான, தொமினிக் வோல்ட்டன் என்ற பிரெஞ்சு சமூகவியலாளருடனான உரையாடல் நூலில் இது இடம்பெற்றுள்ளது.

உதவி தேட விரும்புவோர்க்குச் சில நடைமுறைக் குறிப்புகள். மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவை, 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கப்பட்டது. 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்து, தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. தனியாரிடம் செல்வோர், "நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள், எங்கே பயிற்சி பெற்றீர்கள்?" என்று தயங்காமல் கேட்கலாம். மருத்துவ உளவியலாளர்கள், இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றிருக்கவேண்டும். நீங்கள் சொல்வதை ஆலோசகர் வெளியே சொல்லக்கூடாது. ஆனால், ஒப்புரவு அருளடையாளத்தின் இரகசியம்போல் அது எல்லையற்றதன்று. யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றால், காப்பாற்றத் தேவையான அளவு அவர் பிறரிடம் பேசவேண்டியிருக்கும். முதலில் பார்த்த ஆலோசகர் மனதுக்கு ஒத்துவரவில்லை என்றால், வேறொருவரைத் தேடுவதில் தவறில்லை. உறக்கமின்மையும் சோர்வும் மிகுந்தால், மருந்தும் தேவைப்படலாம். அதை மனநல மருத்துவர் முடிவு செய்வார். 'வாழ்ந்து என்ன பயன்' என்ற எண்ணம் தலைகாட்டினால், நாள் கடத்தாமல், அன்றே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.

சிகிச்சைக்குச் செல்லாதவர்களும் இந்த வாரம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உள்ளுக்குள் அந்தக் கடுமையான குரல் எழும்போது, அது சொல்வதை ஒரு தாளில் அப்படியே எழுதுவோம். பிறகு, இதை நம் அருமைத் தோழியிடமோ, தம்பியிடமோ, அவர் முகத்தைப் பார்த்து நம்மால் சொல்லமுடியுமா என்று கேட்டுக்கொள்வோம். முடியாதென்றால், அவரிடம் எப்படிச் சொல்வோமோ, அப்படியே கீழே மாற்றி எழுதுவோம்.

பங்குச் சமூகமாகவும் நமக்கு ஒரு கடமை உண்டு. நம்மிடம் ஒருவர் தன் பாரத்தை இறக்கிவைக்க வரும்போது, "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்றோ, "விசுவாசம் போதாது" என்றோ சொல்லி வாயடைக்காமல், கேட்டுக்கொண்டிருப்போம். மகனோ மருமகளோ ஆலோசகரிடம் போகிறார் என்றால், அதை ஊர்ப்பேச்சு ஆக்காமல், பேருந்து நிறுத்தம்வரை துணைக்குப் போவோம்.

பிறரை அன்பு செய்யக் கட்டளையிட்ட ஆண்டவர், அதற்கு அளவாக வைத்தது நாம் நம்மீது கொள்ளும் அன்பை. அந்த அளவுப்படியே காலியாக இருந்தால், பிறருக்கு எதை அளந்து கொடுப்போம்? நம் கையில் நமக்கென்று நாம் வைத்திருக்கும் கற்களைக் கீழே போடும் வரத்தையும், அதற்குத் துணை தேவைப்பட்டால் தயங்காமல் கேட்கும் துணிவையும் இறைவனிடம் வேண்டுவோம்.